இரவுப் பணி வாரம்: நாட்குறிப்பு

ஜூன் 2
இன்றிரவு பத்து மணிக்கு முதல் நைட் ஷிஃப்ட். காலை ஆறுக்கு எழுந்தவர் அப்படியே வேலைக்குப் போனால், முடிக்கும்போது 24 மணி நேரம் விழித்திருப்பார். 17 மணி நேரத்திலேயே கவனம் மழுங்கிவிடும், ரத்தத்தில் 0.05% மது இருப்பவரின் நிலைதான். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் 90 நிமிடம் தூங்குங்கள், அப்போது உடம்பே கண் சொக்கும். மாலை ஏழு, எட்டுக்குப் படுத்தால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டியதுதான். உடற்கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும் நேரம் அது.

ஜூன் 4
அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும். 15 என்பதை 51 என்று படிப்பது இந்த நேரத்தில்தான். அளவு, எண் சம்பந்தப்பட்ட வேலையை இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 20 நிமிடம் கண்ணயரலாம். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் பிடித்துக்கொள்ளும், எழுந்த பிறகும் தலை மந்தமாகவே இருக்கும். காபியை ஒரு மணியோடு நிறுத்துங்கள். மூன்றுக்குக் குடித்தால், அதிலுள்ள காஃபீனில் சுமார் பாதி எட்டு மணிக்கும் ரத்தத்தில் நிற்கும்.

ஜூன் 5
தூக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் வெளிச்சத்துக்கு. வீடு திரும்பும்போது கண்ணில் படும் காலை வெயில், கடிகாரத்தைப் பகலோடு பூட்டிவிடும். கறுப்புக் கண்ணாடி உதவும், ஆனால் வண்டி ஓட்டுபவர் போட வேண்டாம். தூக்கக் கலக்கம் கூடும். கண் சொருகினால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறோம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டை அலறவிடுவதும் தூக்கத்தைத் தடுக்காது.

படுக்கையறையில் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பாருங்கள், விரல்கள் தெரியக் கூடாது. பெரும்பாலும் ஒளி கசிவது திரைச்சீலையின் மேல்விளிம்பிலும் கதவடி இடுக்கிலும்தான். மேலே அட்டையைச் செருகுங்கள், கீழே துண்டைச் சுருட்டி வையுங்கள்.

ஜூன் 6
அதே சாப்பாடுதான், ஆனால் இரவில் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறும். பெரிய உணவை வேலைக்குக் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நேரத்தைத் தாங்களாக மாற்றாமல், ஷிஃப்ட் அட்டவணையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜூன் 8
அட்டவணை போடுபவர்களுக்கு: காலை, மதியம், இரவு என்ற வரிசையிலேயே சுற்றுங்கள். உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் பிந்தித் தூங்கப் பழகுவது எளிது, முந்தித் தூங்குவது கடினம். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே 11 மணி நேரமாவது விடுங்கள்.

ஜூன் 9
கடைசி இரவு முடிந்தது. காலையில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கி எழுந்து, மதியம் வெளிச்சத்தில் நடங்கள். இரவு பத்துக்குத் தூக்கம் தானாக வரும்.