புகாருக்குப் பின் வந்த இடமாற்றம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சரக்குக் கிடங்கின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வந்திறங்காத சரக்குக்கெல்லாம் பணம் போவது பில்களில் தெரிந்ததும், நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் புகார் எழுதினேன். கொஞ்ச நாளில் என்னைக் கணக்கிலிருந்து எடுத்து இரவு ஷிப்டுக்குப் போட்டார்கள். "ஒத்துழைப்பு போதாது" என்று எழுத்துமூல எச்சரிக்கை வேறு.

அம்மாவுக்குப் பயம். பபிதா தேவ்கரன் பெயரைச் சொல்லியே அழுதார். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் சந்தேகத்துக்குரிய பணப் பட்டுவாடாக்களைக் கேள்வி கேட்ட அந்த அதிகாரியை, 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நான் நம்பிப் போன சட்டம் வேலையைக் காக்கும். வாசலில் காவலுக்கு நிற்காது. இந்த நாடு உடனே சரிசெய்ய வேண்டிய குறை அது.

வேலைதான் போகவில்லையே, இதற்கும் சட்டம் உண்டா என்று பலர் கேட்டார்கள். உண்டு. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில், விருப்பமில்லாத இடமாற்றம், பதவியிறக்கம், மிரட்டல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாமே பழிவாங்கல்தான். 2017 திருத்தத்தின்படி, புகாரை விசாரிப்பார்களா மாட்டார்களா என்று நிர்வாகம் 21 நாளுக்குள் எழுத்தில் சொல்லவும் வேண்டும். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவிலேயே இருக்கும் யூனியன் அண்ணன்தான், வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ என்ற அமைப்புக்குப் போக வழிகாட்டினார். "தங்கச்சி, யார் திருடினான்னு அங்கே நிரூபிக்கப் போகாதே. எது முதல்ல நடந்தது, எது பிறகு நடந்ததுன்னு காட்டு." சிசிஎம்ஏவின் 7.11 படிவத்தை நிரப்பி, நிறுவனத்துக்கு ஒரு நகல் கொடுத்து, கொடுத்ததற்கான அத்தாட்சியோடு சிசிஎம்ஏவில் பதிந்தோம். கட்டணம் கிடையாது. என்னுடையதைப் போன்ற வழக்குக்கு 90 நாள் கெடு. வேலையை விட்டு நீக்கியிருந்தால் 30 நாள்தான். நிர்வாகம் கூப்பிட்டுப் பேசும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தக் கெடு தெரியாமலே கழிந்துவிடும்.

சமரசப் பேச்சில் நிறுவனம், "ஷிப்டுகளை மாற்றியமைத்தோம்" என்றது. அண்ணன் என் மின்னஞ்சலையும் மாற்றல் கடிதத்தையும் தேதி தெரிய மேசையில் வைத்தார். "வேறு யாரை மாற்றினீர்கள்?" என்று கேட்டார் பேச்சை நடத்திய சிசிஎம்ஏ கமிஷனர். பெயர் சொல்ல அவர்களிடம் ஆள் இல்லை. பேசிப் பேசி, பழைய பணிக்கு நான் திரும்புவது, எச்சரிக்கையை நீக்குவது என்று எழுதிக் கையெழுத்தானது. ஒத்துவராமல் போயிருந்தால் தொழிலாளர் நீதிமன்றம் வரை போயிருப்பேன்.

பில் விவகாரத்தை இப்போது வெளித் தணிக்கையாளர்கள் பார்க்கிறார்கள். கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டேன்.