கூடத்துக்கு ஒரு புதிய தொலைக்காட்சி
எங்கள் சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே ஏழடிதான் இருப்பதால், 65 அங்குலம் கேட்ட மகனைச் சமாதானப்படுத்தி, 55 அங்குல 4கே திரையே போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததும் கைகொடுக்கிறது.

கடையில், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் கறுப்பு கண்ணைப் பறித்தது உண்மைதான். ஆனால் அம்மா காலை முதல் இரவு வரை செய்தி அலைவரிசையையே வைத்திருப்பார் (அதைப் பார்க்கிறாரா என்பது வேறு கதை). மூலையில் அசையாமல் நிற்கும் சின்னம் அத்தகைய திரையில் நாளடைவில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும். மேற்குச் சன்னல் வழியே இறங்கும் வேலூர் வெயிலுக்கும் பின்னாலிருந்து விளக்கொளி பாய்ச்சும், வெளிச்சம் கூடிய க்யூஎல்இடி திரையே ஈடுகொடுக்கும்.

ஒலிதான் அதிகம் யோசிக்க வைத்தது. மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கீழ்நோக்கி அமைந்திருப்பதால், மின்விசிறி முழு வேகத்தில் சுழலும்போது வசனம் காதில் விழுவதில்லை. ஆகவே வசனத்துக்கென நடுவில் தனி ஸ்பீக்கர் கொண்ட 3.1 சவுண்ட்பார் (திரைக்குக் கீழே வைக்கும் நீளமான ஒலிபெருக்கி; மூன்று ஒலித்தடங்களும் கனத்த ஒலிக்கு ஒரு பெட்டியும் என்பதே 3.1) வாங்குகிறோம். அதைத் தொலைக்காட்சியில் ‘ஆர்க்’ (ARC) என்று குறித்திருக்கும், ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ இணைப்பில் செருகினால், தொலைக்காட்சி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். அம்மாவுக்கு இன்னொரு ரிமோட்டைப் பழக்க வேண்டியதில்லை.