எந்த நான்சி வேண்டும்?

நியூ ஜெர்ஸியில் ஒரு சின்ன ஊரின் பொது நூலகத்தில் பதினொரு வருடமாகப் பகுதிநேர வேலை பார்க்கிறேன். பாதி நாள் கவுன்ட்டரில், பாதி நாள் பேஸ்மென்டில். பேஸ்மென்ட் என்றால் ஊர்க்காரர்கள் நன்கொடையாகக் கொண்டுவந்து இறக்கும் பழைய புத்தகங்களைப் பிரிக்கிற அறை. அங்கே மூன்று தள்ளுவண்டிகள் நிற்கும். ஒன்று நூலக அலமாரிக்கு, ஒன்று வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும் புத்தக விற்பனைக்கு, ஒன்று பழைய பேப்பருக்கு. சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி ரொம்ப எளிமையானது. ஒரே தலைப்பில் இரண்டு இருந்தால் நல்லதை வைத்துக்கொள், நைந்துபோனதைத் தள்ளு.

அந்த விதியை நம்பித்தான் முதல் வருடத்திலேயே ஒரு தப்பைச் செய்தேன்.

யாரோ வீட்டைக் காலி செய்து அனுப்பிய பெட்டியில், நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணைப் பற்றிய அமெரிக்கச் சிறுவர் கதை வரிசையின் நான்காவது புத்தகம், 'தி மிஸ்டரி அட் லைலாக் இன்', இரண்டு பிரதி இருந்தது. ஒன்று மஞ்சள் முதுகும் வழவழப்பான பட அட்டையுமாகப் புதுசு போல இருந்தது. இன்னொன்று நீலத் துணி அட்டை. மேலுறை இல்லை, ஈரம் பட்டுப் பக்கங்கள் உப்பியிருந்தன, உள்ளே யாரோ ஒரு சிறுமி பென்சிலால் தன் பெயரை மூன்று முறை எழுதியிருந்தாள். யோசிக்கவே இல்லை. மஞ்சளை அலமாரிக்கு அனுப்பினேன், நீலத்தைப் பழைய பேப்பர் வண்டியில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியும் எட்டு வயசுப் பேத்தியும் அந்த மஞ்சள் புத்தகத்தோடு கவுன்ட்டருக்கு வந்தார்கள். கூடவே பாட்டியின் மகளும். பாட்டிக்குக் கோபம். "இது அந்தக் கதையே இல்லை. விடுதியில் மதியச் சாப்பாடு சாப்பிடும்போது கைப்பையில் இருந்த நகை காணாமல் போகும். அதுதான் கதை" என்றார். பேத்தி விடவில்லை. "இல்லை பாட்டி, படகு கவிழ்வதில்தான் ஆரம்பிக்கும். அப்புறம் நான்சி மாதிரியே வேஷம் போட்டு ஒருத்தி ஏமாற்றுவாள்" என்றாள். நான் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். பேத்தி சொன்னதுதான் இருந்தது. பாட்டியின் மகள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்கிற மாதிரி. நானும் புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர்கள் போன பிறகு பதிப்புரிமைப் பக்கத்தைத் திருப்பினேன். 1961 என்று ஒரு வருடம், 1930 என்று இன்னொரு வருடம். அங்கே இருபது வருடமாக வேலை பார்த்த மூத்த நூலகரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "லைலாக் இன்னா? தலைப்பு ஒன்று, கதை இரண்டு. எந்தக் கதை என்று பார்த்தாயா?" நான் கீழே ஓடிப்போய்ப் பார்த்தபோது பழைய பேப்பர் வண்டி காலி. முந்தின நாளே லாரி வந்துவிட்டுப் போயிருந்தது.

அன்றைக்குப் பிடித்த பித்துதான், இன்னும் விடவில்லை. மதிய இடைவேளைகளில் சேர்த்துக்கொண்ட விவரங்களைச் சொல்கிறேன். எழுதியவர் என்று அட்டையில் இருக்கும் கரோலின் கீன் என்று ஒருவர் கிடையவே கிடையாது. எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர், இதே நியூ ஜெர்ஸியில் வாழ்ந்தவர், சிறுவர் தொடர்கதைகளைத் தொழிற்சாலை மாதிரி தயாரித்தார். கதைச் சுருக்கம் அவருடையது, எழுதுவது கூலிக்கு வேறொருவர், அட்டையில் ஒரு பொய்ப்பெயர். நான்சி ட்ரூவின் முதல் மூன்று புத்தகங்கள் 1930 ஏப்ரலில் வந்தன, மே மாதம் ஸ்ட்ராட்டமையர் இறந்துபோனார். அந்த முதல் புத்தகங்களை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட், பின்னாளில் மில்ட்ரெட் வர்ட் பென்சன். அயோவாக்காரப் பத்திரிகையாளர். ஒரு புத்தகத்துக்கு 125 டாலர், அவ்வளவுதான். ராயல்ட்டி கிடையாது, தான்தான் எழுதியது என்று வெளியே சொல்லவும் கூடாது. முதல் 30 புத்தகங்களில் 23 அவர் எழுதியவை. ஸ்ட்ராட்டமையருக்குப் பிறகு நிறுவனத்தை நடத்தியவர் அவருடைய மகள் ஹாரியட் ஆடம்ஸ். அந்தப் பெண்மணிதான் 1959 முதல் பழைய புத்தகங்களைத் திருத்த ஆரம்பித்தார். முதல் 34 புத்தகங்களும் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு முடிய 1970களின் பிற்பாதி ஆகிவிட்டது. 25 அத்தியாயம் 20 ஆனது. சிலவற்றில் கதை சுருங்கியது, அவ்வளவே. லைலாக் இன் போன்ற சிலவற்றில் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு கதையையே மாற்றிவிட்டார்கள்.

ஆளும் மாறினாள். பழைய நான்சிக்குப் பதினாறு வயது. திருத்தத்தில் பதினெட்டு. பழைய புத்தகத்தில் அவளுடைய பத்து வயதில் அம்மா இறக்கிறார், புதியதில் மூன்று வயதில். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், இல்லை. பத்து வயதில் அம்மாவை இழந்தவளுக்கு அம்மாவின் முகம் நினைவிருக்கும். வீட்டு வேலை செய்யும் ஹன்னா பழையதில் சம்பளக்காரி. புதியதில் கிட்டத்தட்ட அம்மா. 'தி ஹிட்டன் ஸ்டேர்கேஸ்' பழைய பதிப்பில் பேய் வீட்டுக்குப் போகிற மகளிடம் அப்பாவே துப்பாக்கியைக் கொடுத்து அனுப்புகிறார். முதல் தடவை படித்தபோது பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய நான்சி பெரியவர்களிடம் வெடுக்கென்று பேசுவாள், போலீஸ்காரர்களைச் சந்தேகப்படுவாள். புதிய நான்சி பண்பான பெண், சட்டத்தை மதிப்பவள், எல்லாவற்றிலும் கெட்டி. என் பெண்ணாக இருந்தால் இரண்டாமவள் நிம்மதி. படிக்க முதலாமவள்.

பேஸ்மென்டில் முதலில் நானும் நிறத்தை வைத்துத்தான் பிரித்தேன். நீலம் என்றால் பழையது, மஞ்சள் என்றால் திருத்தியது. அதுவும் தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. மஞ்சள் முதுகுப் பட அட்டைகள் 1962இலேயே வந்துவிட்டன. ஆனால் 'தி பாஸ்வேர்ட் டு லார்க்ஸ்பர் லேன்' திருத்தப்பட்டது 1966இல். நடுவில் அச்சான பிரதிகளில் மஞ்சள் அட்டைக்குள் பழைய நான்சி உட்கார்ந்திருப்பாள். அதனால் இப்போது அட்டையை நம்புவதே இல்லை. கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பார்ப்பேன். 25 என்றால் தனிப் பெட்டி. இதைப் பற்றி என்னோடு வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கவுன்ட்டரில் வந்து கேட்பவர்கள் யாரும் '1930 மூலப் பதிப்பு' என்றோ 'திருத்திய பதிப்பு' என்றோ கேட்பதில்லை. "பழைய, உண்மையான நான்சி ட்ரூ இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். அந்த 'உண்மையான' என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு அர்த்தம். எண்பது வயதுக்காரருக்கு நீலத் துணி அட்டை. அறுபது வயதுக்காரருக்கு மஞ்சள். அவருக்குத் தன் மஞ்சளே ஒரு திருத்தம் என்று சொன்னால் முகம் மாறிவிடும், ஏதோ குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைத்த மாதிரி. நாற்பதுகளின் கடைசியில் இருப்பவர்கள் கூச்சத்தோடு கேட்பது 1986இல் தொடங்கிய 'நான்சி ட்ரூ ஃபைல்ஸ்'. அதில் கொலை உண்டு, காதல் உண்டு, காதலன் நெட் நிக்கர்சனோடு சண்டையும் உண்டு. 124 புத்தகம் வந்தன. மெல்லிய பேப்பர்பேக், ஒட்டு விட்டுப்போய் ஏடு ஏடாக வரும். என் வண்டிகளில் நேராகப் பழைய பேப்பருக்குப் போவது பெரும்பாலும் அவைதான், அதை அந்தப் பெண்களிடம் சொல்வதில்லை. இப்போதைய குழந்தைகளுக்கோ 2013இல் தொடங்கிய 'நான்சி ட்ரூ டயரீஸ்'தான் நான்சி. நான்சியே 'நான்' என்று கதை சொல்வாள், கையில் செல்போன் இருக்கும். அட்டையில் பழைய கால உடையைப் பார்த்தாலே சில குழந்தைகள் கீழே வைத்துவிடும்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்ற பெண் நீதிபதிகளான சாண்ட்ரா டே ஓ'கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர் மூவரும் நான்சி ட்ரூ வாசகிகள் என்பது எங்கள் ஊரில் இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது சொல்லும் தகவல். எனக்கு உடனே கணக்குதான் ஓடும். முதல் இருவரும் 1930களின் ஆரம்பத்தில் பிறந்தவர்கள். அவர்கள் சிறுமியாக இருந்தபோது திருத்தமே நடக்கவில்லை. அப்படியானால் வெடுக்கென்று பேசுபவள்தான்.

ஆனால் பழைய பதிப்புதான் உயர்த்தி என்று அடித்துப் பேச என்னால் முடியாமல் போனதற்கும் ஒரு வாசகிதான் காரணம். ஓய்வு பெற்ற ஆசிரியை, கறுப்பினத்தவர். ஒரு விற்பனை நாளில் நான் உற்சாகமாக நீல அட்டைகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதல் புத்தகத்தின் பழைய பதிப்பைப் படித்திருக்கிறீர்களா?" என்றார். படித்திருந்தேன். அதில் வீட்டைக் காவல் காக்கும் கறுப்பர் ஒருவர் வருவார். குடிகாரர், கொச்சை மொழி பேசும் கோமாளி. திருத்தத்தில் அந்தக் காவல்காரர் வெள்ளையராகிவிட்டார். லைலாக் இன் பழைய பதிப்பிலும் வேலைக்காரி தேடும் காட்சியில் வந்து போகும் பெண்களை இனத்தை வைத்து இழிவுபடுத்தியிருப்பார்கள். அவர் சொன்னார், "பழையதில் எங்களைக் குடிகாரனாக்கினார்கள். புதியதில் ஊரை விட்டே அனுப்பிவிட்டார்கள்." சரி, அப்படியானால் எது வேண்டும் என்று கேட்டேன். மஞ்சள்தான் என்றார். "அதில் நாங்கள் யாருமே இல்லை. அதனால் ஒன்பது வயதில் நானே நான்சியாக இருந்துகொள்ள முடிந்தது. நீ யார் என்று கேட்க அந்த ஊரில் ஆள் கிடையாது." ஆறு மஞ்சள் வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை வரை நீலத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

என் நான்சி எவள் என்று யாராவது கேட்டால் தர்மசங்கடம். 1980களில் மயிலாப்பூரில் ஒரு லெண்டிங் லைப்ரரியில், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை கொடுத்து எடுத்தவள் அவள். லண்டனிலிருந்து வெளியான ஆர்மடா பேப்பர்பேக். அதன் எண் வரிசை அமெரிக்க வரிசையோடு ஒத்தே போகாது. இங்கே வந்த பிறகு முப்பது வருடமாக மனசில் இருந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்தது. அவள் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. கன்வெர்ட்டிபிள் என்றால் என்ன கார் என்று தெரியாமலே அதில் அவளோடு ஊர் சுற்றியிருக்கிறேன். ஆர்மடா பிரதி எதுவும் இத்தனை வருடத்தில் எங்கள் பேஸ்மென்டுக்கு வந்ததில்லை. வந்தால் விதியை மீறி வீட்டுக்கு எடுத்துப்போவேனோ என்னவோ.

அந்தப் பாட்டி கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். ஆப்பிள்வுட் என்ற பதிப்பகம் 1991 முதல் பழைய பதிப்புகளை அப்படியே நகலெடுத்து மறுபடி அச்சிட்டது. வேறொரு ஊர் நூலகத்திலிருந்து அந்த லைலாக் இன்னை வரவழைத்துக் கொடுத்தேன். பாட்டி நின்றபடியே புரட்டினார். நகை காணாமல் போகும் இடம் வந்ததும் விரலை வைத்து மகளிடம் காட்டினார். "எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். மகள் பேசவில்லை. நானும்தான். பிறகு அந்தப் புத்தகத்தைச் சொந்தமாகவே வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன வசந்தத்தில் ஒரு பெண் இரண்டு பெட்டிகளைப் பேஸ்மென்டில் கொண்டுவந்து இறக்கினாள். கல்லூரிக்குப் போகும் வயது. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. பாட்டி தவறிவிட்டார் என்றாள். பெட்டியின் மேலாகவே இரண்டு லைலாக் இன் இருந்தன, ஒன்று மஞ்சள், ஒன்று அந்த நகல் பதிப்பு. நான் கை நீட்டுவதற்குள் அவள் சொன்னாள்:

"இது இரண்டும் ஒன்று என்று நினைத்து எதையாவது தூக்கிப் போட்டுவிடாதீர்கள்."