முழங்கையில் சுற்றிய வயர்

20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரைப் பல வருடம் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையில்தான் சுற்றி வைத்தேன். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த முறை பிரித்தால் குருவிக்கூடு.

குற்றம் முறுக்கில் இருக்கிறது. ஒரே திசையில் போடும் ஒவ்வொரு வளையமும் வயருக்குள் ஒரு முழு முறுக்கை ஏற்றுகிறது. 25 வளையம், 25 முறுக்கு. அது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

மேடையில் மைக் வயர் சுருட்டுபவர்களைப் பார்த்துத்தான் திருந்தினேன். முதல் வளையம் வழக்கம்போல. இரண்டாவதற்கு மட்டும் கையைப் புறங்கையாகத் திருப்பி வயரைப் பிடித்து, நேராக்கிக்கொண்டே போட வேண்டும். வயர் வளையத்தின் உட்பக்கமாக வெளியேறும். முதல் வளையம் ஏற்றிய முறுக்கை இரண்டாவது இறக்கிவிடும். அப்புறம் மாறி மாறி. முதல் நாள் மணிக்கட்டு குழம்பியது, ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஒரு ஆபத்து உண்டு. முனை வளையங்களுக்குள் நுழைந்துவிட்டால், இழுக்க இழுக்க வரிசையாக முடிச்சு விழும். அதனால் முனையைச் சேர்த்து வெல்க்ரோ பட்டை போட்டுவிடுகிறேன்.

மெல்லிய கயிறா? கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் எட்டு போலச் சுற்றி, அந்த எட்டின் நடுவில் நாலு சுற்றுப் போட்டு ஆணியில் மாட்டிவிடுங்கள். எட்டில் முறுக்கு தானே கழிந்துவிடும். பழைய வயரில் ஏறிய முறுக்குதான் இன்னும் முழுசாகப் போகவில்லை.