குருவின் குரல் யாருக்குச் சொந்தம்?

இறந்தவர் பேரில் ஆல்பம் போடுவது ராப் உலகில் புதிதல்ல. 1996-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப்பர் டுபாக்கின் பழைய பதிவுகளை வைத்து 2004-இல் இன்னொரு ராப்பரான எமினெம் ஒரு ஆல்பம் தயாரித்தார். டுபாக்கின் குரலை வெட்டி ஒட்டி, அவர் சொல்லாததைச் சொல்ல வைத்திருந்தார்கள். எனக்கு அது அன்றே பிடிக்கவில்லை. குரு என்ற ராப்பரும், இசையமைக்கும் டிஜே ப்ரீமியரும் சேர்ந்த ஜோடி கேங் ஸ்டார். குரு இறந்த பிறகு வந்த அவர்களுடைய 'ஒன் ஆஃப் த பெஸ்ட் யெட்' (2019) அந்த ரகம் இல்லை. நன்றாக இருக்கிறது. சிக்கலே அதுதான்.

இருவரும் சேர்ந்து ஆல்பம் போடுவது 2003-க்குப் பிறகு நின்றுபோனது. பிறகு குரு, சோலார் என்ற தயாரிப்பாளரோடு வேலை செய்தார். 2010 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். உடனே அவர் எழுதியதாக ஒரு கடிதம் வெளிவந்தது: பழைய டிஜேவுக்குத் தன் பெயரோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று. கோமாவில் கிடந்த மனிதர் எப்படி இதை எழுதியிருப்பார் என்று குடும்பத்தார் கொதித்தார்கள். சொத்துரிமை வழக்கு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில், குரு சோலாரோடு இருந்தபோது பாடி வைத்திருந்த குரல் பதிவுகளை ப்ரீமியர் சோலாரிடமே விலை கொடுத்து வாங்கினார். ஆல்பம் வந்ததும் சோலார் எதிர்ப்பு தெரிவித்தார்.

குறும்படங்களுக்கு டப்பிங் எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் இதைக் கேட்கும்போது என் காது வேறு பக்கம் போகிறது. ராப் பாடுகிறவர் பின்னால் ஓடுகிற பீட்டை, அதாவது தாள இசையை, கேட்டுத்தான் மூச்சு விடுவார், சொல்லை இழுப்பார், முந்துவார். அந்த பீட்டை உருவிவிட்டு வேறொன்றை வைத்தால் குரல் தரையில்லாமல் தொங்கும். ப்ரீமியர் செய்தது அதைத்தான், ஆனால் தொங்கவில்லை. குருவோடு பல வருடம் உட்கார்ந்தவர். எந்த இடத்தில் ஸ்நேர் டிரம் அடி விழுந்தால் அந்தக் குரல் நிமிரும் என்று அவருக்குத் தெரியும். பல்லவி இல்லாத பதிவுகூட அவருக்குப் பெரிய குறையாக இருந்திருக்காது. பழைய ரெக்கார்டுகளிலிருந்து துண்டு துண்டாக வார்த்தை எடுத்து ஸ்க்ராட்ச் செய்து (ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து) பல்லவி கட்டுவது தொண்ணூறுகளிலிருந்தே அவர் பாணி.

எம்.ஓ.பி., ஜெரு, பிக் ஷக் என்று பழைய கூட்டாளிகள் எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஓர் இடையிசைக்குக் குருவின் மகன் பெயரே தலைப்பு. குருவின் அஸ்தியை ஸ்டுடியோவில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ததாக ப்ரீமியர் சொன்னார். ராப்பர் ஜே. கோலோடு வந்த பாட்டின் தலைப்பு 'ஃபேமிலி அண்ட் லாயல்டி', அதாவது குடும்பமும் விசுவாசமும். கொஞ்சம் ஓவர்தான், ஆனால் நான் உருகிவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அந்தக் கடிதத்தை நான் நம்பவில்லை. ஆனால் கடிதத்தைத் தூக்கிப் போட்டாலும், உயிரோடு இருந்த கடைசி வருடங்களில் குரு ப்ரீமியரிடம் திரும்பிப் போகவில்லை என்பது மாறாது. குடும்பம் சம்மதித்தது, சட்டப்படி சரி. ஆனால் கேட்கிறவனுக்கு இது இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போட்ட ஆல்பம் போலவே வந்து சேர்கிறது. பாட்டு கேட்கிற ஆப்பில் 2019 என்று மட்டும்தான் காட்டுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் குரல் எந்த வருடம் பதிவானது, யார் பீட்டுக்காகப் பாடப்பட்டது என்று ஒரு வரி இருந்தால் போதும். சோலாரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த வரியில் அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் வரட்டும்.