யாழினியை யாலினி ஆக்கிய கதை

ராத்திரி 11.45 மணி. மகளின் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டைச் சேமித்து வைக்கலாம் என்று திறந்தபோதுதான் பார்த்தேன். யாழினியை யாலினி ஆக்கி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் இசட், எச் என்று இரண்டு எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒற்றை எல். பிறப்புச் சான்றிதழில் இசட் எச் போட்டுத்தான் இருக்கிறது, பெயர் வைத்த நாளில் நானே சொல்லிப் போட வைத்தது. ஆனால் இத்தனை வருஷமாக வாட்ஸாப்பில் சோம்பேறித்தனமாக எல் போட்டு அடித்துப் பழகிய விரல், படிவத்திலும் அதையே அடித்துவிட்டது. அனுப்புவதற்கு முன் மூன்று தடவை சரிபார்த்தேன் என்பதுதான் வேடிக்கை. பெற்ற பிள்ளையின் பெயரை யார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்? கண் பார்த்தது எல், மனம் படித்தது யாழினி.

திருத்தும் பொத்தானைத் தேடினேன். பார்க்கலாம், அச்செடுக்கலாம், அவ்வளவுதான். அனுப்பியது அனுப்பியதுதான்.

பக்கத்தில் படுத்திருந்தவர், "புதுசா ஒன்னு போட்டுடேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் புது விண்ணப்பத்தில் பாதி வரை போய்விட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். ஒரே பிள்ளைக்கு, ஒரே பிறந்த தேதியில், இரண்டு பெயரில் இரண்டு விண்ணப்பம். பார்க்கிறவருக்கு அது திருத்தம் மாதிரியா தெரியும்? வேறு ஏதோ மாதிரிதான் தெரியும். மூடி வைத்தேன்.

மறுநாள் உதவி எண்ணில் அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். "நேரில் வருவீங்கல்ல? போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க மேடம். பிறப்புச் சான்றிதழ் அசல் வேணும்." இரண்டே வரி. அந்த இரண்டு வரிக்காக ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டிய நாளுக்கு இன்னும் ஒரு நாலைந்து நாள் இருந்தது. பயத்தில் என் பாஸ்போர்ட்டை எடுத்து முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி இருக்குமே, எந்திரம் படிப்பதற்கு. உலகம் முழுக்க ஒரே அமைப்புதான், ஒவ்வொரு வரியிலும் 44 இடம். கீழ் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றுக்கும் பின்னால் ஆளுக்கொரு காவல் எண் நிற்கிறது. கணக்கு எளிது. யாழினி பிறந்தது 14.3.2013, அங்கே அது 130314 என்று வரும். இந்த ஆறு எண்ணையும் வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 44. பத்தால் வகுத்தால் மிச்சம் 4. அந்த 4 தான் காவல். எந்திரம் ஓர் எண்ணைத் தப்பாகப் படித்தால் கணக்கு உதைக்கும், மாட்டிக்கொள்ளும்.

பெயர் இருப்பது மேல் வரியில். அதற்குக் காவல் எண்ணே கிடையாது. யாலினி என்று அச்சானால் எந்திரம் யாலினி என்று மகிழ்ச்சியாகப் படித்துவிட்டுப் போய்விடும். சிப் உள்ள பாஸ்போர்ட் என்றால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் விவரத்தை வழங்கிய நாடு மின்கையொப்பம் போட்டுப் பூட்டியிருக்கும், ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. அச்சாகிவிட்டால் புதுப் புத்தகம்தான். இதெல்லாம் தெரிந்தபிறகு நிம்மதி வரவில்லை, வயிறுதான் கலங்கியது.

போகிற அன்று ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து, தப்பான எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். எந்த எழுத்து தப்பு, எது சரி, ஆதாரம் எது என்று மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சோம்பேறித்தனத்தை விளக்கி எழுதியிருந்த முதல் வரைவு ஒரு பக்கம் வந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு என் வரலாறு எதற்கு?

முறை வந்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே, "சார், பெயரில் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தேன். அவர் கடிதத்தை ஒரு பார்வை, சான்றிதழை ஒரு பார்வை. தட்டினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "பாப்பா, நீ படி" என்றார். என்னை நம்பவில்லை, நியாயம்தானே.

அவள் விரல் வைத்துப் படித்தாள். "ஒய், ஏ, இசட், எச், ஐ, என், ஐ." பிறகு பிறந்த தேதி, அப்பா பெயர், என் பெயர் எல்லாவற்றையும் கேட்காமலேயே எழுத்து எழுத்தாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். சார் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார், புதிய சீட்டு ஒன்று கொடுத்தார், போட்டோவுக்கு அனுப்பினார். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

பாஸ்போர்ட் வந்த அன்று உறையைப் பிரித்தது அவள்தான். போட்டோ பிடிக்கவில்லை. அடியில் இருந்த வரியைப் பார்த்துவிட்டு, "என் பெயருக்குப் பின்னாடி எதுக்கும்மா இவ்ளோ அம்புக்குறி?" என்றாள். உன் பெயர், குடும்பப் பெயர் இரண்டுக்கும் சேர்த்து 39 இடம், எழுத்து போக மிச்சத்தை அந்தக் குறியால் நிரப்புவார்கள் என்றேன். உட்கார்ந்து எண்ணினாள். 24 இருந்தது.

யாலினி என்றால் 25 இருந்திருக்கும்.