கொழுந்து பறிக்கும் மூளை

தேயிலைச் செடியில் இரண்டு இலை, ஒரு மொட்டு. பிடரிப் பக்கத்து மூளை பார்க்கிறது; முன்மடலின் பின்விளிம்பிலுள்ள இயக்கப் பட்டை விரல்களை ஏவுகிறது. அந்தப் பட்டையில் பங்கு சமமில்லை: கைக்கும் வாய்க்கும் கிடைத்த இடம் முதுகுக்கு இல்லை. சரிவில் கூடையோடு சாயாமல் நிறுத்துவது சிறுமூளை. கசிப்பு போட்டவர் லயத்துப் படியில் தள்ளாடுவது இது மங்குவதால்தான். மூச்சு மூளைத்தண்டின் பொறுப்பு.

கைகால்களை ஏவும் நரம்புகள் மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறுகின்றன. அதனால் இடப்பக்க மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டால் வலக்கை விழும். பேச்சும் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால் வாய் குழறும். பாரிசவாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஸ்கேன் எடுத்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். தோட்டப் பாதையில் இறங்கவே எவ்வளவு நேரம் போகும்! வாய் கோணியதுமே 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள், தொடங்கிய நேரத்தைக் குறித்துவையுங்கள். தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள், புரைக்கேறும்.